ஏப்ரல் வெக்கையும் பின்னேர இடிமழையும்: உங்கள் பக்கம் எப்படி?

சூளைக்காரன் (சித்தாண்டி) எழுதியது:

வணக்கம். மட்டக்களப்பில் சித்தாண்டிப் பக்கம் செங்கல் அறுக்கிற ஆள் நான். வேளாண்மைக்காரர் நேர்த்தி வைத்துக் கூப்பிடுகிற மழையை நாங்கள் படங்கை (தார்ப்பாயை) இழுத்துக்கொண்டு திட்டுவோம். பச்சைக் கல் காய்கிற நாட்களில் அரை மணித்தியால மழை போதும், ஒரு கிழமை வேலை சேறாகிவிடும். அதனால் வாடியில், அதுதான் கல் அறுக்கிற இடத்துக் கொட்டிலில், ஒரு சீஆர் கொப்பி (மட்டை போட்ட கணக்குக் கொப்பி) கிடக்கிறது. எப்போது இருட்டியது, எந்தப் பக்கத்தால் வந்தது, எவ்வளவு நேரம் பெய்தது, எத்தனை கல் போனது என்று எழுதி வைப்பேன். ஆட்களுக்குக் கூலி பார்க்கத் தொடங்கிய கொப்பி. இப்போது கூலிக் கணக்கு ஒரு பக்கம் என்றால் வானக் கணக்கு மூன்று பக்கம். வீட்டுக்காரிக்கு இது பெரிய பகிடி.

இந்த ஏப்ரல் எனக்குப் பிடிபடவே இல்லை. முதல் பத்து நாள் வெயில் வழக்கமானதுதான். 9ஆம், 10ஆம் திகதிகளில் எங்கள் தலைக்கு நேரே சூரியன் வரும். மத்தியானம் பன்னிரண்டு கழிந்து ஐந்து நிமிசம் இருக்கும், படங்கு கட்டுகிற கம்பின் நிழல் கம்பின் அடிக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது. பொடியன்கள் வேலையை விட்டுவிட்டு வாளி, மண்வெட்டிப் பிடி என்று கண்டதையெல்லாம் நிமிர்த்தி வைத்துப் பார்த்தார்கள். பகல் 33 பாகை வந்தது, ஒரு நாள் 34. இதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனி ஆடியில் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது இதைவிட மோசமாகக் காய்ந்திருக்கிறோம்.

விசயம் இரவில்தான். விடிய ஐந்து மணிக்கு எழும்பிப் பார்த்தால் வெப்பமானி 28இல் நிற்கிறது. மாதத்தின் பாதிக்கு மேல் 27க்குக் கீழே இறங்கவில்லை. முந்திய வருசக் கொப்பிகளில் இதே மாதம் விடியற்காலைக்கு 25 என்றும், மழை பெய்த இரவென்றால் 24 என்றும்தான் கிடக்கிறது. கல்லும் அதையே சொல்கிறது. வழக்கமாக இரண்டாம் நாள் பச்சைக் கல்லைக் குத்தி நிறுத்தலாம். இந்த முறை மூன்றாம் நாளும் பெருவிரலை வைத்து அமத்தினால் அடையாளம் விழுகிறது. இவ்வளவு வெயில் எறித்தும் கல் காயவில்லை என்றால் யாருக்குச் சொன்னால் நம்புவார்கள்?

புதுவருசம் கழிந்ததும் இடி தொடங்கியது. எல்லாவற்றையும் எழுத இடம் காணாது, ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். மத்தியானம் வரை சுள்ளென்ற வெயில். ஒரு மணிபோல மேற்கே மகா ஓயாப் பக்கம் மேகம் குவிந்து எழும்பியது, உச்சி வெள்ளை, அடி கறுப்பு. மூன்று மணிக்குக் கடற்காற்று நின்றது. நின்றதென்றால் ஒரு தென்னோலை அசையவில்லை, சூளைப் புகை நேரே மேலே போகிறது. மறுகா மேற்கால ஒரு குளிர்காற்று வந்தது பாருங்கள், சாம்பலும் உமியும் வாடி முழுக்கப் பறந்தன, பாரத்துக்கு வைத்த கல்லையும் தள்ளிவிட்டுப் படங்கின் ஒரு மூலை எழும்பிவிட்டது. வெப்பமானி பத்து நிமிசத்துக்குள் 33இல் இருந்து 25க்கு விழுந்தது. அதற்குப் பிறகுதான் முதல் துளி. மூடாமல் விட்ட வரிசையில் கல்லின் முகமெல்லாம் அம்மை வடு போலப் பள்ளம் பள்ளமாக விழுந்தது. கொஞ்ச நேரத்தில் விளிம்பு கரைந்து, கல்லும் கல்லும் ஒட்டிக்கொண்டன. நாற்பது நிமிசத்தில் எல்லாம் முடிந்து வெயில் திரும்ப எறித்தது. வந்தாறுமூலையில் வாடி வைத்திருக்கிற மச்சானுக்குப் போன் போட்டால், அங்கே தரை நனையவில்லையாம். அடுத்த ஊர்தான்!

மழை பெய்த இரவு குளிர வேணும், இல்லையா? அன்று இன்னும் அவிந்தது. படுக்கப் பாயும் வேண்டாம் என்று பிள்ளைகள் வெறும் சீமெந்துத் தரையில் கிடந்தார்கள்.

மற்றப் பக்கங்களிலும் இப்படித்தானா? இரவு ஏன் இறங்குதில்லை? எனக்குக் காசு சம்பந்தப்பட்ட கேள்வி என்னவென்றால், இன்றைக்கு மழை களத்துக்கு வருமா அல்லது மேற்கே மின்னிவிட்டுப் போய்விடுமா என்று மத்தியானத்துக்கு முதலே அறிய ஏதும் வழி இருக்கிறதா? ஊரில் ஒரு பெரியவர் "78இலும் இப்படித்தான் வெக்கை, கார்த்திகையில் சூறாவளி வந்தது" என்று எல்லோரையும் பயப்படுத்திக்கொண்டு திரிகிறார். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.


வட்டைக்காரன் (அக்கரைப்பற்று) எழுதியது:

அண்ணன், எங்கள் பக்கம் மழை குறைவு, மின்னல் கூட. மஃரிபுக்கு (பொழுதுபட்ட தொழுகைக்கு) பிறகு மேற்கே இங்கினியாகலைப் பக்கம் பார்த்தால் வானம் விடாமல் வெட்டிக்கொண்டே இருக்கும், இங்கே ஒரு சொட்டு விழாது. இரண்டு முறை மட்டும் கரை வரைக்கும் வந்தது. அதில் ஒன்று எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) விதைத்த அன்றைக்கே வந்தது. சிறுபோகத்துக்கு வாய்க்கால் தண்ணீர் விட்டு, சேறடித்து, முளை நெல் வீசி, வரம்பில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடிக்கவில்லை, கொட்டியது. முளை எல்லாம் அள்ளுப்பட்டுப் பள்ளமான மூலையில் போய்க் குவிந்தது. மேட்டுப் பக்கம் மொட்டை. திரும்ப விதைநெல் வாங்கின காசை வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அதனால் வேளாண்மைக்காரன் எல்லாம் மழைக்கு நேர்த்தி வைக்கிறான் என்று எழுதாதீர்கள். விதைத்து ஒரு கிழமை வரைக்கும் நாங்களும் உங்கள் கட்சிதான்.

இரவு வெக்கை இங்கேயும் அப்படித்தான். கரண்ட் போனால் தொலைந்தோம். மூத்தம்மா முற்றத்தில் கட்டிலைப் போட்டுவிட்டார், நுளம்புக்கு வேப்பிலைப் புகை.


கல்குடாக்கரை எழுதியது:

கடலில் இருந்து பார்க்கிறவன் சொல்கிறேன். தண்ணீர் இளம் சூடாகக் கிடக்கிறது, விடியப்புறத்தில் கால் வைத்தாலும் குளிர் இல்லை. வழக்கமாக நடுச்சாமத்துக்குப் பிறகு கரையில் இருந்து ஒரு மெல்லிய காற்று கடலுக்குப் போகும், அதில் போவது சுகம். இந்த மாதம் அது பாதி இரவுகளில் இல்லை.

நீங்கள் சொல்கிற அந்த மேற்கால வருகிற குளிர்காற்றுத்தான் எங்களுக்கு யமன். உங்களுக்குப் படங்கு போகும், எங்களுக்குத் தோணி போகும். கரையில் இருந்து அடிக்கிறதால் சின்னத் தோணியை வெளியே தள்ளிவிடும், துடுப்புப் போட்டுத் திரும்ப ஏலாது. இந்த மாதம் பின்னேரம் மேற்கு கறுத்தால் நான் வலையை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், மீன் பட்டாலும் சரி, படாவிட்டாலும் சரி.

78 பற்றி எனக்கும் ஒரு பயம் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய அவதானி (மட்டக்களப்பு) எழுதியது:

தம்பி சூளைக்காரன், நல்ல குறிப்பு. விவசாய நிலையம் ஒன்றில் நெடுங்காலம் மழைமானியும் வெப்பமானியும் வாசித்து எழுதிய ஆள் நான், இப்போது ஓய்வு. முதலில் ஒரு சந்தேகம்: வெப்பமானி எங்கே தொங்குகிறது? தகரக் கூரைக்குக் கீழோ, சூளைக்குப் பக்கத்திலோ என்றால் அந்த 28ஐ நான் கணக்கில் எடுக்கமாட்டேன். நிழலில், காற்றோட்டமான இடத்தில், நெஞ்சளவு உயரத்தில் இருக்க வேண்டும்.

அது சரியாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மட்டக்களப்புக்கு ஏப்ரலில் வழமை பகல் 31, 32. இரவு 25 அளவு. ஆகவே உங்கள் பகல் கொஞ்சம் கூட, இரவு நிறையக் கூட. எல்லோரும் பகல் வெயிலைப் பற்றியே கதைக்கிறார்கள், உங்கள் கண் இரவில் விழுந்தது எனக்குச் சந்தோசம்.

இரவு இறங்காததற்குக் காரணம் ஈரம். பகலில் நிலம் வாங்கிய சூட்டை இரவில் வானத்துக்கு விட வேண்டும். காற்று காய்ந்து வானம் வெளித்திருந்தால் அது கெதியாக நடக்கும். காற்றில் நீராவி நிறைந்து, இடிமேகத்தின் மிச்சம் மேலே பாயாக விரிந்து கிடந்தால், போகிற சூட்டில் பெரும்பகுதியை அதுவே வாங்கித் திருப்பிக் கீழே அனுப்பிவிடும். பின்னேர மழை நிலத்தை நனைக்கும், சூடான நிலத்தில் இருந்து அந்தத் தண்ணீர் ஆவியாகும், ஈரம் இன்னும் ஏறும். மழை பெய்த இரவு உங்கள் வீட்டில் அவிந்தது இதனால்தான். உங்கள் கல் காயாததற்கும் இதே காரணம். கல் காய வெயில் மட்டும் போதாது, கல்லில் இருக்கிற தண்ணீரை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் வேண்டும்.

இதற்கு மேல் கடல். வங்காள விரிகுடா வருசத்தில் அதிகம் சூடாக இருப்பது ஏப்ரல், மே மாதங்களில்தான், மேற்பரப்பு 29, 30 பாகைக்கு வரும். கடலே 30 என்றால் கடற்காற்று எங்கே இருந்து குளிரைக் கொண்டுவரும்? கல்குடாத் தம்பி சொன்ன கரைக்காற்று குறைந்ததும் இதோடு சேர்ந்ததே. இரவில் நிலம் கடலைவிடக் குளிர்ந்தால்தான் அந்தக் காற்று எழும்பும். நிலம் குளிராவிட்டால் அது வராது.

கச்சான் காலத்தோடு ஒப்பிட்டீர்கள். அப்போது பகல் 35ஐத் தாண்டும், ஆனால் மலையில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கி வருகிற காற்று என்பதால் காய்ந்திருக்கும், வியர்வை உடனே உலரும். இப்போது 33 பாகையும் 70 சதவீத ஈரப்பதனும் சேர்ந்தால் உடம்புக்கு 43 போலத் தெரியும். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் என்று அறிவிப்பது இந்தக் கணக்கைத்தான். அதுவும் நிழலுக்குப் போட்ட கணக்கு. களத்தில் வெயிலில் மண் மிதிக்கிறவர்களுக்கு இன்னும் கூட. பதினொன்றில் இருந்து மூன்று வரைக்கும் மண் வேலையை நிறுத்தப் பாருங்கள்.

1978ஐ விடுங்கள். அந்தச் சூறாவளி நவம்பர் 23இல் வந்தது. ஏப்ரல் வெக்கைக்கும் ஏழு மாதம் கழித்து வருகிற சூறாவளிக்கும் முடிச்சுப் போட முடியாது. வெக்கையான ஏப்ரல்கள் எத்தனையோ வந்து போயின, நவம்பரில் ஒன்றும் நடக்கவில்லை. ஆட்கள் நடந்ததை மட்டும் ஞாபகம் வைத்திருப்பார்கள். சூடான கடல் சூறாவளிக்குத் தீனி என்பது உண்மை, ஆனால் அந்தந்த நேரத்துக் கடலும் மேல்காற்றும்தான் கணக்கு. பெரியவரிடம் மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள், கேட்கமாட்டார்.

மத்தியானத்துக்கு முதல் அறிகிற வழி கேட்டீர்கள். அதற்குப் பதில் உங்கள் கொப்பிக்குள்ளேயே இருக்கலாம். கடற்காற்று எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதியிருக்கிறீர்களா?


சூளைக்காரன் எழுதியது:

ஐயா, மிச்சம் நன்றி. வெப்பமானி சூளைக்கு எதிர்ப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் மாமரத்தில் தொங்குகிறது. மரம் நல்ல நிழல், மேலே தகரம் இல்லை. சூளை எரிக்காத கிழமையிலும் 27, 28தான் வந்தது, அதனால் அதை நம்புகிறேன்.

கடற்காற்று நேரம் எழுதியிருக்கிறேன். சூளைக்குத் தீ மூட்டக் காற்றுத் தெரிய வேணும், அதற்காக எழுதியது. நேற்று இரவு கொப்பியை விரித்துப் பார்த்தால் எனக்கே விறைத்துவிட்டது. காலை ஒன்பதுக்கு, ஒன்பதரைக்குக் கடற்காற்று நல்லாக அடித்த நாட்களில் களத்தில் மழை இல்லை. மேற்கே கறுத்தது, மின்னியது, அவ்வளவுதான். விடிய மேற்கால மெல்லிய காற்று இருந்து, பதினொன்று பதினொன்றரை வரைக்கும் கடற்காற்று வராமல் இழுத்தடித்த நாட்களில்தான் கல் போயிருக்கிறது. ஒன்றிரண்டு நாள் பிசகுகிறது, மற்றதெல்லாம் இப்படியே. இது உண்மையா, இல்லை நான் கல் போன வயிற்றெரிச்சலில் பார்க்கிறேனா?


பழைய அவதானி எழுதியது:

உண்மையாக இருக்க நல்ல நியாயம் இருக்கிறது. கடற்காற்று ஈரத்தோடு உள்நாட்டுக்குப் போகும். எங்கே போய் மற்றக் காற்றோடு முட்டுகிறதோ அங்கே காற்று மேலே எழும்பும், இடிமேகம் கட்டும். காலையிலேயே பலமாக வந்தால் முட்டுகிற இடம் உள்ளே தள்ளிப் போய்விடும்: உன்னிச்சை, மகா ஓயா, அதற்கும் அப்பால். நீங்கள் மின்னலை மட்டும் பார்ப்பீர்கள். மேற்குக் காற்று எதிர்த்து நின்றால் கடற்காற்று கரையை விட்டு அதிகம் உள்ளே போக முடியாது, முட்டுவது உங்கள் தலைக்கு மேலேயே நடக்கும். உள்ளே கட்டிய மேகத்தையும் அதே மேற்குக் காற்று கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். அக்கரைப்பற்றில் இரண்டு முறை கரை வரைக்கும் வந்தது என்றாரே, அந்த நாட்களின் காலைக் காற்றைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த ஊர் நனையாததற்குக் காரணம், இந்தப் பருவத்தில் காற்று மந்தம், மேகம் எழும்பின இடத்துக்குக் கிட்டவே நின்று கொட்டிவிட்டுக் கலையும்.

ஆனால் ஒரு மாதத்தை வைத்துச் சட்டம் போடாதீர்கள். பழைய கொப்பிகளின் ஏப்ரல் பக்கங்களையும் இதே மாதிரி எடுத்துப் பாருங்கள். அக்டோபரிலும் இதேபோல இடி வரும், அதையும் சேருங்கள். வெக்கையான இரவுகளையும் அப்படித்தான். 2024 ஏப்ரல் உலக அளவில் அதுவரை பதிவான ஏப்ரல்களில் ஆகச் சூடானது. பொதுவாகப் பகலைவிட இரவு வேகமாகச் சூடேறி வருகிறது என்பதும் தெரிந்த விசயம். அதற்காக உங்கள் மாமரத்தின் ஒரு மாதத்தை உடனே அதில் ஒட்டிவிட முடியாது. பத்து வருசக் கொப்பி இருந்தால் பிறகு கதைப்போம்.

மழையை "நாற்பது நிமிசம்" என்று எழுதாமல் அளந்து எழுதுங்கள். வாய் 16 சென்ரிமீற்றர் அகலமான புனல் ஒன்று, கீழே ஒரு போத்தல், போதும். அந்த அகலத்துக்கு 20 மில்லிலீற்றர் தண்ணீர் சேர்ந்தால் 1 மில்லிமீற்றர் மழை. பாமசியில் விற்கிற 10 மில்லி சிரிஞ்சால் உறிஞ்சி எண்ணலாம். பக்கத்து மரத்தின் உயரம் எவ்வளவோ அதில் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள், புனலின் வாய் நிலத்தில் இருந்து ஒரு அடியாவது மேலே இருக்கட்டும், மண் தெறிக்காது. வாசிப்பது காலை 8.30க்கு. நிலையங்களும் அந்த நேரத்தில்தான் வாசிக்கின்றன, ஒப்பிட வசதி.

ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது கொப்பியைவிட முக்கியம். மின்னல் கண்டதும் எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ண முதல் இடி கேட்டால் படங்கையும் கல்லையும் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் வெளியே. கிடுகு வாடி, தென்னைமர அடி, லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டி எதுவும் காப்பாற்றாது. கல்வீடு, இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றிய லொறியின் முன்பெட்டி. இடி கேட்கிற நேரத்தில்தான் எல்லோரும் படங்கு பிடிக்க ஓடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.


சூளைக்காரன் எழுதியது:

விளங்குது ஐயா. பதினொன்றுக்குக் கடற்காற்று வரவில்லை என்றால் மேகம் பார்க்காமல் அப்போதே மூடச் சொல்லிவிட்டேன். நேற்று அப்படி மூடினோம், மழை வரவில்லை, பொடியன்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பரவாயில்லை. புனல் செங்கலடியில் 15 சென்ரிமீற்றர்தான் கிடைத்தது. அதற்கு எவ்வளவு?


பழைய அவதானி எழுதியது:

17.7 மில்லிலீற்றருக்கு 1 மில்லிமீற்றர். போத்தலில் எழுதி ஒட்டிவிடுங்கள்.


வட்டைக்காரன் எழுதியது:

அண்ணன், மழை கரைக்கு வந்த அந்த இரண்டு நாளும் காலையில் மேற்குக் காற்றுத்தான், விதைக்கும்போது நெல் கிழக்கே பறந்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த முறை முளை வீச முதல் உங்களுக்கு ஒரு கோல் எடுப்பேன். அந்தப் படங்கு எங்கே வாங்கினது, என்ன விலை? நெல் காயப்போட எங்களுக்கும் ஒன்று வேணும்.